சுரைக்காய்க்கு மூக்கு வெச்சா கிளியா?

வா பாப்பா, வா. திண்ணையில குந்து. கையில இன்னாத்தக் கொண்டாந்திருக்க? கிளியா! நான் சுரைக்காய்னு இல்ல நெனச்சுட்டன். பச்சையா இருக்குது, வயிறு பெருத்துக் கெடக்குது, காம்பு மாதிரி மேல ஒரு செகப்புத் துண்டு வேற. ஓ, மூக்கா அது? சரி சரி, மொகத்தத் தூக்காத. சுரைக்காய்க்கும் கிளிக்கும் ஆண்டவன் ஒரே பச்சையத்தான் குடுத்திருக்கான். உம்மேல தப்பில்ல, அவன் மேலதான்.

காலையில எங்கிட்ட பன்னெண்டு குண்டூசி எண்ணி வாங்கிக்கினு போனியே, அத்த மொதல்ல அந்த டப்பாவுல கொட்டு. அப்புறம் பேசலாம்.

உங்க தாத்தன் யாருன்னு தெரியுமில்ல? இந்தச் சிங்கவரத்துலருந்து செஞ்சி கடைத்தெருவுக்குத் தெனம் சைக்கிள் மிதிச்சுப் போயி, அம்பது வருசம் மெத்தை தலகாணி தெச்சவன். நம்ம மலை மேல ரங்கநாதர் 24 அடி நீளத்துக்குப் படுத்திருக்காரு பாரு, ஒரே பாறையில கொடஞ்ச சாமி, சீரங்கத்துப் பெருமாளவிட இவரு பெரிய ஆளுன்னு ஊர்ல ஒரு பெருமை உண்டு. வாலிபத்துல ஒருநாளு படியேறிப் போயி கும்பிடச் சொல்ல, வாயி கோவிந்தான்னுது, மனசு கணக்குப் போடுது. இந்த ஒடம்புக்கு மெத்தை போட்டா இலவம்பஞ்சு எத்தினி மூட்டை பிடிக்கும்னு. இன்னா பிரயோசனம்? பல்லவன் காலத்துலயே அவரப் பாம்பு மேல படுக்க வெச்சுட்டானுங்க. எனுக்கு ஆர்டர் வரல.

அதனால பஞ்சு அடைக்கிற வெசயத்துல எங்கிட்ட வாய் கொடுக்காத.

சுளுவா பொம்மை தைக்க ஒரு வழி இருக்குது. தாள்ல ஒரு கிளி வரையி. ரெண்டு துணிய அந்த அச்சுக்கே வெட்டு. சுத்தித் தையி, திருப்பு, பஞ்ச அடை. முடிஞ்சுது. நீ செஞ்சதும் அதான. ரொம்ப நல்ல வழி. அதுக்குப் பேரு தலகாணி. நான் ஆயுசு முழுக்கத் தெச்சது அதான், ஆனா நான் அதுக்கு மூக்கு வெச்சுக் கிளின்னு விக்கல.

துணி தட்டை, கிளி உருண்டை. தட்டையா இருக்கிறத உருட்டறதுதான் இந்தத் தொழிலே. ஆறு அங்குல அகலத்துக்கு ரெண்டு துண்டு வெட்டிச் சேத்துத் தெச்சுப் பஞ்ச அடச்சன்னு வையி, அது உருண்டதும் அகலம் நாலு அங்குலத்துக்குக் கீழ எறங்கிடும். மிச்சம் எங்க போச்சு? கனமாப் போச்சு. தாள்ல லட்சணமா இருந்த கழுத்து, பஞ்சு போனதும் குச்சியாப் போறது இதனாலதான். கழுத்து குச்சியாப் போச்சேன்னு நீ இன்னும் கொஞ்சம் பஞ்ச வயித்துல திணிச்ச, வயிறு சுரைக்காயாப் போச்சு. கழுத்த அகலமா வரையணும், வயித்த அளவா வரையணும். அதுக்கும் மேல, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒரு பட்டித் துண்டு குடுக்கணும். அலகுல ஆரம்பிச்சு உச்சந்தலை வழியா முதுகு வரைக்கும் ஒரு பட்டி, கழுத்துக்குக் கீழருந்து வயித்து வழியா வாலு வரைக்கும் இன்னொரு பட்டி. அப்பதான் தலைக்குத் தலை வரும். ஜாக்கெட்டுக்கு டாட் பிடிக்கத் தெரியுதில்ல உனுக்கு? அந்த டாட்ட கன்னத்துல ஒண்ணு பிடிச்சுப் பாரு, கிளி சிரிக்கும்.

போன வாரம் ஒரு மொயலு தெச்சியே, நடுராத்திரியில உக்காந்து அழுதியே, மறந்துட்டியா? ரெண்டு பக்கமும் வெட்டி, தெச்சுப் பாத்தா ரெண்டுமே எடது பக்கம். எடது காதுக்கு எடது காது, ஜோடியே சேரல. நான் சிரிச்சன்னு கோவிச்சுக்கின. சிரிக்காம இன்னா செய்வன்? துணிய ரெண்டா மடிச்சு நல்ல பக்கம் உள்ளார இருக்கிற மாதிரி வெச்சு வெட்டினா ஒண்ணு எடது, ஒண்ணு வலது தானா வரும். ஒத்தத் துணியில வெட்டினா அச்சத் திருப்பிப் போட்டு இன்னொருதரம் வெட்டணும். செருப்புத் தைக்கிறவரு யாராச்சும் ரெண்டு எடது செருப்பு தெச்சுப் பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட. அந்தக் கஷ்டம் நம்மளுக்குத்தான் வரும்.

அந்த முடி வெச்ச துணி வாங்கியாந்தியே, ஃபர் துணி, அத்தப் பத்தி ஒண்ணு. முடி எந்தப் பக்கம் படியுதுன்னு கையால தடவிப் பாத்துட்டுத்தான் அச்ச வைக்கணும். தலையிலருந்து வாலுக்குப் படியணும். நீ ஒரு துண்ட மேலாக்க, ஒரு துண்டக் கீழாக்க வெட்டிட்ட. கரடிக்கு முன்னால சீவின முடி, பின்னால சிலுத்துக்கினு நிக்குது. காத்தடிக்கிற பக்கமா நின்ன கோழி மாதிரி. அப்புறம், கத்திரிக்கோல முழுசாத் தொறந்து சரக்குனு வெட்டாத. துணியக் கவுத்துப் போட்டு, மொனையால அடித்துணிய மட்டும் பொட்டுப் பொட்டா நறுக்கிக்கினு போ. முடி தப்பிக்கும், வீடும் தப்பிக்கும். போன வாரம் என் மோர்ல முடி.

வளைவு வர்ற எடத்துல தையலுக்கு வெளிய சின்னச் சின்னதா நறுக்கு வுடு, இல்லன்னா திருப்பினதும் சுருங்கும். தையல நெருக்கமா வையி. மெசின்ல ஜாக்கெட்டுக்கு வைக்கிற தையல் பொம்மைக்கு ஆவாது, பஞ்ச அடச்சதும் பல்ல இளிக்கும். துணிய கிராஸ்ல வெட்டினா இழுவும். திருப்பூர் பனியன் துணி எப்பிடி வெட்டினாலும் இழுவும். அதுல காலு தெச்சன்னா, பஞ்ச அடைக்க அடைக்க வளந்துக்கினே போவும். ஒரு குட்டி யானைய ஒட்டகமா ஆக்கினவ ஒருத்தி இந்தத் தெருவுல இருக்கா. யாருன்னு சொல்ல மாட்டன், இப்ப அவ எம் பக்கத்துலதான் குந்திக்கினு இருக்கா.

இப்ப பஞ்சுக்கு வருவம். இங்கதான் எனுக்கு வாயி நீளும், பொறுத்துக்கோ.

இலவு காத்த கிளின்னு சொல்லுவாங்களே. காய் பழுக்கும் பழுக்கும்னு கெளையிலயே குந்திக்கினு இருந்துச்சாம், கடசியில வெடிச்சுப் பஞ்சாப் பறந்துடுச்சாம். ஊரே அந்தக் கிளியப் பாத்துச் சிரிக்குது. ஆனா உன் கிளி கெட்டிக்காரக் கிளி. காத்திருந்த பஞ்சு மொத்தமும் வயித்துக்குள்ளார வந்து சேந்துடுச்சு.

இலவம்பஞ்சு இருக்குதே, அது இழை வழவழன்னு இருக்கும், குட்டையா இருக்கும். ராட்டையில போட்டா முறுக்கு நிக்காது, நூலா வராது. நூலுக்கு லாயக்கில்லாததுனாலதான் தலகாணிக்கு வந்துச்சு. தண்ணி லேசுல உள்ள போவாது, எடையே தெரியாது. வெள்ளக்காரன் கப்பல்ல முழுவாம மெதக்கிற சட்டைக்குள்ளாரயே இத்தத்தான் அடச்சான். எங்காலத்துல தேனிப் பக்கம் போடிநாயக்கனூர்லருந்து மூட்டை மூட்டையா வரும். மூட்டையப் பிரிச்சா மொகமெல்லாம் பறக்கும், மூக்குல பூந்தா மூணு நாளைக்குத் தும்மல். கொட்டைய ஒழுங்காப் பொறுக்கலன்னா தலகாணியில படுத்தவன் மறுநாளு தலையத் தடவிக்கினே வந்து கடையில நிப்பான்.

பொம்மைக்கு ஆவுமா? ஆவும், அலமாரியில நிக்கிற பொம்மைக்கு. கொழந்தை கையில குடுக்கிற பொம்மைன்னா யோசிக்கணும். ஒருக்கா தொவைச்சா கட்டி கட்டியாப் போயிடும், லேசுல காயாது, உள்ளார மக்கின வாசன வரும். நெருப்பும் சட்டுனு பிடிச்சுக்கும். தொவைக்கிற பொம்மைக்கு அந்த பாலியஸ்டர் பஞ்சே மேல். அம்பது வருசம் இலவம்பஞ்சுல சோறு தின்னவன் சொல்றன், நம்பு. அதுக்காக வீட்டுல கெடக்கிற கிழிஞ்ச துணியெல்லாம் சுருட்டி அடைக்காத. அது பொம்மை இல்ல, மூட்டை. கொழந்தை தூக்கி எறிஞ்சா தம்பி மண்டை வீங்கும்.

அடைக்கிறதுல ஒரு மொறை இருக்குது. கொத்தாப் பிடிச்சுத் திணிக்காத. கோழி கொத்துற அளவு பிச்சுப் பிச்சு எடு. மொதல்ல கடைக்கோடிக்குப் போ, மூக்கு நுனி, வாலு நுனி, காலு நுனி. அப்புறம் தலை. அப்புறம் கழுத்து, கழுத்துல மட்டும் கெட்டியா. நம்ம ஊர்ல கல்யாணப் பந்தல்ல மாப்ளைக்குத் தலை ஆடற மாதிரி ஆடுது பாரு உன் கிளிக்கு, கழுத்துல பஞ்சு இல்ல. கடசியாத்தான் வயிறு. நீ வயித்துல ஆரம்பிச்ச, அதான் எல்லாம் வயித்தோட நின்னுடுச்சு. குத்திவுட கரண்டிக் காம்பு போதும், ஊசி மொனைக் குச்சி வாணாம், துணி பொத்துக்கும். பஞ்சு போற வாய நேரா ஓடற தையல்ல வுடு, வளைவுல வுடாத. மூடச் சொல்ல இந்த மடிப்புல ஒரு குத்து, எதுக்கால மடிப்புல ஒரு குத்து, ஏணி மாதிரி போயி நூல இழுத்தா வாயி தானா மூடிக்கும், தையலே தெரியாது. உன் கிளி வயித்துல ஆஸ்பத்திரி தையல் மாதிரி தெரியுது.

நீ போன்ல பாத்துப் பாத்து டெடி கரடி தைக்கிறியே, அந்தக் கரடி எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா? தாத்தனுக்கு இன்னா தெரியும்னு நெனச்சியா? கண்ணாடி போட்டா நானும் படிப்பன்.

ஜெர்மனியில கீங்கன்னு ஒரு சின்ன ஊரு. நம்ம செஞ்சிய வெள்ளக்காரன் ஜிஞ்ஜின்னான் இல்ல, பேரக் கேட்டா பங்காளி ஊரு மாதிரி இருக்குது. அங்க மார்கரெட் ஸ்டைஃப்னு ஒரு அம்மா, 1847-ல பொறந்தவங்க. ஒன்றரை வயசுல இளம்பிள்ளை வாதம் வந்து காலு ரெண்டும் போச்சு, வலது கையும் சரியில்ல. தையல் மெசின் வாங்கினாங்க. சக்கரத்த வலது கையால சுத்த முடியல. ஒக்காந்து அழுதாங்களா? மெசினயே திருப்பிப் போட்டு எடது கையால சுத்துனாங்க. 1880-ல ஒரு பத்திரிகையில வந்த அச்சப் பாத்து, ஃபெல்ட் துணியில குட்டி யானை தெச்சாங்க. பொம்மைக்காக இல்ல பாப்பா, குண்டூசி குத்தி வைக்க! கொழந்தைங்க அத்தத் தூக்கிக்கினு போயி வெளையாடுச்சுங்க. அந்த யானையில ஆரம்பிச்சு கம்பெனியே வந்துச்சு. நீ ஒருத்தி, பொம்மை தைக்கக் குண்டூசி கேக்கிற. அந்தம்மா, குண்டூசிக்காகப் பொம்மை தெச்சவங்க.

அவங்க தம்பி மகன் ரிச்சர்டுன்னு ஒருத்தன், ஸ்டட்கார்ட் மிருகக்காட்சி சாலையில போயி குந்திக்கினு கரடியப் பாத்துப் பாத்து வரைஞ்சு, 1902-ல காலு கையி ஆடற கரடி ஒண்ணு செஞ்சான். அடுத்த வருசம் லைப்சிக் சந்தையில அமெரிக்காக்காரன் ஒருத்தன் 3,000 வேணும்னு ஆர்டர் குடுத்தான். ஒரு கரடிக்கு முன்னால எத்தினி நாளு நெசக் கரடியப் பாத்திருப்பான்! நீ வேப்பமரத்துல கத்தற கிளிய ஒருநாளாச்சும் நிமுந்து பாத்தியா? அதுக்கு ஒடம்புல பாதிக்கு மேல வாலு. மூக்கு கீழ வளஞ்சு தாடையில இறங்கும், உன்னுது மாதிரி முன்னால நீட்டிக்கினு இருக்காது. அது காக்கா மூக்கு. காலுல ரெண்டு வெரலு முன்னால, ரெண்டு பின்னால. கழுத்துல செவப்பு வளையம் இருந்தா ஆணு. இதெல்லாம் போன்ல வராது, மரத்துல வரும்.

டெடின்ற பேரு வந்த கதை இன்னும் வேடிக்கை. அதே 1902-ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டு மிசிசிப்பி பக்கம் வேட்டைக்குப் போனாரு. கூட இருந்தவனுங்க ஒரு கரடியப் பிடிச்சு மரத்துல கட்டிப்போட்டு, சுடுங்க சாமின்னாங்க. கட்டிப்போட்டதச் சுடறது வேட்டை இல்லன்னு அவரு சுடல. பெர்ரிமேன்னு ஒருத்தரு அத்தப் பேப்பர்ல கார்ட்டூனாப் போட்டாரு. புரூக்ளின்ல மிட்டாய்க் கடை வெச்சிருந்த மோரிஸ் மிச்டம் அந்தக் கார்ட்டூனப் பாத்தாரு, அவரும் அவரு பொண்டாட்டி ரோசும் கரடி தெச்சு ஜன்னல்ல வெச்சாங்க. ஜனாதிபதியோட செல்லப் பேரயே வெச்சுட்டாங்க.

ஒரு மனுசன் ஒரு கரடியச் சுடாம வுட்டாரு. அதுக்கு நூறு வருசம் தாண்டியும் ஒலகம் பூரா பொம்மை. நம்ம ஊர்ல? தேசிங்கு ராஜன், மீசை முளைச்சு நாலு வருசம் ஆவாத புள்ளை, ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மாட்டன்னு குதிரை ஏறிப் போயி 1714-ல செத்தே போனான். போவாதன்னு சொல்லி நம்ம ரங்கநாதரே மொகத்தத் திருப்பிக்கினாருன்னு கதை. கதைப்பாட்டுல குதிரைங்களுக்கே பாராசாரி, நீலவேணின்னு பேரு இருக்குது. அந்தக் குதிரைங்களுக்கு ஒரு துணிப்பொம்மை உண்டா செஞ்சியில? ஐயனாருக்கு மண்ணுல குதிரை செஞ்சு வைக்கிறம். ஆட்டத்துக்குப் பொய்க்கால் குதிரை கட்டறம். கொழந்தை கட்டிப் பிடிச்சுத் தூங்க ஒரு குதிரை கெடையாது. மிசிசிப்பிக் கரடிக்கு நம்ம தெருவுல மூக்கு வெச்சுக்கினு இருக்கம்.

2025 ஜூலையில நம்ம செஞ்சிக் கோட்டைய யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. மராட்டியர் கோட்டைங்க பன்னெண்டு, அதுல தமிழ்நாட்டுல செஞ்சி ஒண்ணுதான். வர்ற சனம் ராஜகிரி மலை ஏறி மூச்சு வாங்கிக்கினு எறங்குது. கையில இன்னா கொண்டு போவுது? காலி தண்ணி பாட்டிலு. பாதி பேருக்கு அதுவும் இல்ல, கொரங்கு பிடுங்கிக்கும். அந்தக் கொரங்கயே தெச்சு வையி, கையில ஒரு குட்டிப் பையோட! பிடுங்கக் குடுத்தவங்களே சிரிச்சுக்கினு வாங்குவாங்க. வாலு மட்டும் பாத்து தையி. நீளக் கொழாய திருப்பறது பெரும்பாடு. தைக்கிறதுக்கு முன்ன உள்ளார ஒரு கயிறு வெச்சு, ஒரு முனைய மட்டும் துணியோட சேத்துத் தெச்சுடு. முடிச்சதும் கயித்த இழு, சட்டைக் கையி மாதிரி திரும்பிக்கும். நிமிந்து நிக்கட்டும்னு உள்ளார கம்பி வைக்காத. கம்பி துருப் பிடிக்கும், துணியக் குத்திக்கினு வரும், அப்புறம் கொழந்தையக் குத்தும்.

குதிரை தெச்சன்னா வயித்துத் துண்ட அகலமா வெட்டாத. வெட்டினா நாலு காலும் நாலு தெசைக்குப் போவும், தேசிங்கு குதிரை தவக்கள மாதிரி படுத்துக்கும்.

கண்ணுக்கு வா. உன் கிளிக்கு சட்டை பட்டன் வெச்சிருக்க. அழகு. அத்த ஒரு கொழந்தை எத்தினி நாழியில பிய்க்கும்னு நெனைக்கிற? நான் கை வைக்கிறன் பாரு... ஒண்ணு வந்துடுச்சு. எனுக்குப் பல்லு இல்ல, கொழந்தைக்கு நாலு பல்லு இருக்குது. பொம்மைப் பரிசோதனையில ஒரு கொழாய் வெச்சிருக்காங்க, வாயகலம் 31.7 மில்லிமீட்டர், ஒண்ணேகால் அங்குலம்னு வெச்சுக்கோ. சின்னக் கொழந்தை தொண்டைக்கு அதான் கணக்கு. மூணு வயசுக்குக் கீழ இருக்கிற கொழந்தை பொம்மையிலருந்து பிஞ்சு வர்றது எதுவும் அந்தக் கொழாய்க்குள்ளார முழுசா எறங்கக் கூடாது. உன் பட்டன் பத்து ஒண்ணா எறங்கும். அதனால கண்ண நூலால எம்பிராய்டரி போட்டுடு. நூல் கண்ண யாரும் முழுங்க முடியாது.

இன்னொண்ணு கேளு. 2021 ஜனவரி 1-லருந்து பொம்மைக்கெல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேணும்னு மத்திய அரசு சட்டம். பயந்துக்காத. கைவினை மேம்பாட்டு ஆணையர் ஆபீசுல பதிஞ்ச கைவினைஞர், தானே செஞ்சு விக்கிற பொம்மைக்கு வெலக்கு குடுத்திருக்காங்க. அந்த அட்டைய வாங்கு. அட்டை வந்துடுச்சுன்னு பட்டன் கண்ணு வைக்காத, ஆபீசரு வுட்டாலும் தொண்டை வுடாது.

வெலைக்கு வருவம். எதுத்த வூட்டுக்காரி கேட்டதுக்கு, சும்மா எடுத்துக்கோங்க அத்தைன்னு குடுத்தியாமே ஒரு மொயல. பெரிய தருமப் பிரபு. ஆரோவில்ல உபாசனான்னு ஒரு தையல் கூடம், உமா பிரஜாபதின்ற அம்மா நடத்தறது. 2004 சுனாமிக்கு அப்புறம் மீனவப் பொம்பளைங்க கடலப் பாக்கவே பயந்துக்கினு இருந்தப்ப, மிஞ்சின துண்டுத் துணியில வெரலு நீளத்துக்குக் குட்டி பொம்மை செய்யக் கத்துக் குடுத்தாங்க. பேரு சுனாமிகா. நூத்துக்கணக்கான பொம்பளைங்க, லட்சக்கணக்கான பொம்மைங்க, ஒலகம் பூரா போயிருக்குது. அத்த விக்கிறதே இல்ல, அன்பளிப்பாத்தான் குடுப்பாங்க, வாங்கினவங்க மனசு வந்தா நன்கொடை தருவாங்க. செஞ்சவங்களுக்கு அதுலருந்து கூலி போச்சு. பொம்மை இலவசம், கையி இலவசம் இல்ல. அவங்க விக்காததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நீ விக்காததுக்குக் காரணம் கூச்சம்.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டை மூட்டைக்குக்கூட எடை போட்டு ஏலம் கேட்டுத்தான் வெலை. உன் ராத்திரிக்கு இன்னா வெலை? துணி எவ்வளவு, பஞ்சு எவ்வளவு, நூலு எவ்வளவு, எத்தினி மணி நேரம் குந்தின, அத்தனையும் நோட்டுல எழுது. நாள் கூலிக்குக் களை எடுக்கப் போனா இன்னா வருமோ அதவிடக் கம்மியா வந்தா, களை எடுக்கவே போ, முதுகுக்காச்சும் வெயிலு படும். அந்த வெலையச் சொல்லி வாங்கலன்னா வாங்காம போவட்டும். அடுத்த மாசம் கொழந்தை கடிச்சு, இழுத்து, சேத்துல பொரட்டி, தொவைச்சுக் காய வெச்சு, அப்பவும் கழுத்து ஆடாம நிக்குதுன்னா, அதே ஆளு தேடிக்கினு வரும்.

சரி, டப்பாவ இப்பிடிக் குடு. எண்ணுவம். ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து... பதினொண்ணு. மடியில உழுந்திருக்குதா பாரு. பாய உதறு. தாவணியில குத்தியிருக்கியா? இல்லையா?

பன்னெண்டு குடுத்தன் பாப்பா. கத்திரிக்கோல எடு, கிளி வயித்தப் பிரி.